எழுதப்படாத பக்கம்: காயம்பட்ட மூளையும் சாட்சி தேடும் நாமும்

1

இக்கட்டுரைக்குக் காரணம் இரண்டு ஒலிநாடாக்கள். இரண்டும் 1992இல், தாம்பரத்துக்குக் கிழக்கே செம்பாக்கத்தில், ஓட்டு வீடொன்றின் திண்ணையில் உட்கார்ந்து பதிவு செய்தவை. பேசுபவர் அப்போது இருபத்தாறு வயதான முன்னாள் சிப்பாய். இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போய்த் தலையில் காயத்தோடு திரும்பியவர். கேள்வி கேட்பவன் நான். இரண்டு நாடாக்களுக்கும் இடையே மூன்று வாரம். முதல் நாடாவில் அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இரண்டாவது நாடாவில் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் அவருக்கு நினைவு திரும்பிவிட்டது என்றுதான் நான் நம்பினேன். நம்பி ஒரு கட்டுரையும் எழுதினேன். அது அச்சாகவில்லை. ஏன் அச்சாகவில்லை என்று சொல்வதற்கு, தலையில் அடிபட்டவரின் நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இதைப் படிப்பவர்களில் பலர் இன்றும் நாலு பேரிடம் போய்ச் சாட்சியம் சேகரிக்கிறவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைக்குப் போன அமைதிப்படை, அக்டோபரில் புலிகளோடு சண்டையைத் தொடங்கி, 1990 மார்ச் 24இல் திருகோணமலையிலிருந்து கடைசியாகக் கப்பலேறியது. அங்கிருந்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தோம், எழுதியதைப் படித்திருந்தோம். எங்களிடம் இல்லாதது மறுபக்கத்துச் சாட்சி. துப்பாக்கி பிடித்திருந்த கைக்குச் சொந்தக்காரர், அதுவும் ஒரு தமிழர், 'ஆமாம், நடந்தது' என்று சொல்லவேண்டும். 1991 மே மாதத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஈழம் என்று வாய்திறப்பதே ஆபத்தாக இருந்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் நண்பர் ஒருவர், "உங்க பக்கத்துலயே ஒருத்தர் இருக்காரே" என்றபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவருடைய அப்பா விமானப்படைத் தளத்தில் சிவிலியன் ஊழியராக இருந்து ஓய்வுபெற்றவர். இடது காதுக்கு மேலே ஒரு உள்ளங்கை அளவுக்கு அவருக்கு முடி முளைக்காது. வலது கைவிரல்கள் மெதுவாகத்தான் மடங்கும். சொற்கள் உடனே வராது. சாவியைக் கேட்க வேண்டுமென்றால் "கதவு... கதவுக்கு உண்டானது" என்பார். தாம்பரம் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார். அது போய் முடிந்த பிறகு எந்த வாக்கியத்தில் நின்றோம் என்று என்னைக் கேட்பார். நாடா முழுக்க விமானச் சத்தம் இருக்கிறது.

முதல் நாடாவில் முக்கியமான பகுதி இது. உள்ளபடி தருகிறேன்.

"ஒரு கட்டடம் சார். நீளமா... நடக்குற எடம். தூண் தூணா இருக்கும்."

"வராந்தாவா?"

"ஆங், வராந்தா. ஒரே சத்தம். யாரோ கத்துறாங்க. தமிழ்லதான் கத்துறாங்க, அது நிச்சயம்."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"தெரியல சார். நிக்கிறேனா படுத்திருக்கேனா, அதே தெரியல."

"ஆஸ்பத்திரியா அது?"

(இங்கே ஒரு விமானம் போகிறது.)

"இருக்கலாம் சார்."

2

நினைவைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய உருவகம் இருக்கிறது. நடந்ததெல்லாம் உள்ளே எங்கோ புதைந்து கிடக்கிறது, சரியாகத் தோண்டினால் வெளியே வரும் என்பது. பிராய்டை அரைகுறையாகப் படித்ததில் கொஞ்சம், துப்பறியும் கதைகளிலிருந்து கொஞ்சம், சினிமாவில் இரண்டாம் முறை தலையில் அடிபட்டதும் எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிற கதாநாயகனிடமிருந்து கொஞ்சம் என்று இது நமக்குச் சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் எங்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மௌனத்தையும் ஒரு பிரதியாக வாசிப்பது. சொல்லப்படாததில்தான் கருத்தியல் ஒளிந்திருக்கிறது என்று படித்திருந்தோம். ஒருவர் 'தெரியல' என்றால், அதிகாரம் அவரைச் சொல்லவிடாமல் தடுக்கிறது, அல்லது குற்றவுணர்வு தடுக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டோம். நிஜமாகவே தெரியாமல் இருக்கலாம் என்பதற்கு எங்கள் கோட்பாட்டில் இடமே இல்லை.

மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது. பார்த்ததும் கேட்டதும் அந்தக் கணமே நிரந்தர நினைவாகிவிடுவதில்லை. மூளையின் உட்பகுதியில், இரு பக்கமும் பொட்டுக்கு உள்ளே, ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. புது அனுபவம் நிலைப்படுவதற்கு இப்பகுதியின் வேலை தேவை, அதற்குக் கால அவகாசமும் தேவை. வெடிப்பின் வேகத்தில் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபட்டு அறுபடுகின்றன. நிலைப்படாமல் இருந்த கடைசி நிமிடங்கள் அத்தோடு போய்விடுகின்றன. பூட்டி வைத்த பெட்டி என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை. அந்தப் பக்கம் எழுதப்படவே இல்லை.

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் பிரிட்டிஷ் நரம்பியலாளர் ரிட்சி ரஸ்ஸல் முக்கியமானவர். இரண்டாம் உலகப்போரின்போது ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஹ்யூஸ் கல்லூரியைத் தலைக்காயம்பட்ட படைவீரர்களுக்கான மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். 1946இல் ரஸ்ஸலும் நேத்தனும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைக்காய நோயாளிகளின் நினைவிழப்பைப் பற்றி எழுதினார்கள். அடிபடுவதற்கு முந்தைய நினைவைப் பொறுத்தவரை, பெரும்பாலோர் இழந்தது அரை மணி நேரத்துக்கும் குறைவுதான். நெடுங்காலத்தை இழந்தவர்களுக்கும் அது மெல்லமெல்லச் சுருங்குகிறது. ரஸ்ஸல் சொல்லும் ஒரு இளைஞர், 1933இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, இது 1922ஆம் வருஷம், நான் பள்ளிக்கூடத்துப் பையன் என்றாராம். நடுவில் ஆஸ்திரேலியாவில் கழித்த வருஷங்கள் சுத்தமாக இல்லை. வாரங்கள் செல்லச்செல்லப் பழையது முதலில், புதியது பின்னால் என்று திரும்பிவந்து, கடைசியில் விபத்துக்கு முந்தைய சில நிமிடங்கள் மட்டும் நின்றுவிட்டன. அவை வரவே இல்லை.

இதைவிட நமக்கு முக்கியமானது அடிபட்டதற்குப் பிறகான காலம். காயம்பட்டவர் கண்ணைத் திறந்து பார்க்கிறார், தண்ணீர் கேட்கிறார், வந்தவர்களை அடையாளம் கண்டு பேசவும் செய்கிறார். ஆனால் தொடர்ச்சியான நினைவு எதுவும் பதிவாவதில்லை. சில நாட்களோ சில வாரங்களோ இப்படிப் போகும். அந்தக் காலத்திலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில காட்சிகள் மட்டும் மிஞ்சும். மருத்துவர்கள் இவற்றை நினைவுத் தீவுகள் என்கிறார்கள். தீவு என்பது சரியான சொல். எந்தக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்லமுடியாது. எப்போது, எங்கே, நேரில் கண்டதா, கனவா, பக்கத்துக் கட்டிலில் யாரோ சொன்னதா என்ற முகவரி ஒன்றும் அதில் இருக்காது. காட்சி மட்டும் பளிச்சென்று இருக்கும். பளிச்சென்று இருப்பதாலேயே அது உண்மை என்று நமக்குத் தோன்றும்.

முகவரியில்லாத காட்சிக்கு மூளை தானாகவே ஒரு முகவரி எழுதிக்கொள்ளும். இடைவெளியைக் கதையால் நிரப்பிக்கொள்ளும். இது பொய் இல்லை. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரியும். இவருக்குத் தான் நிரப்புவது தெரியாது.

3

இந்த விஷயத்தில் உலகத்திலேயே அதிகம் எழுதிவைத்த சிப்பாய் ஒரு ரஷ்யர், லெவ் ஸஸேட்ஸ்கி. தூலா நகரத்தில் பாலிடெக்னிக் மாணவர். படையில் சேர்ந்து, 1943 மார்ச் 2ஆம் தேதி, இருபத்து மூன்று வயதில், வியாஸ்மாவுக்கு அருகே நடந்த சண்டையில் இடது பின்மண்டையில் குண்டு பாய்ந்தது. சில மாதத்தில் மருத்துவமனையில் அவரைச் சந்தித்த உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா, அதன் பிறகு ஏறத்தாழ முப்பது வருஷம் அவரைத் தொடர்ந்து கவனித்தார். லூரியாவின் புத்தகம் ரஷ்ய மொழியில் 1971இலும் ஆங்கிலத்தில் மறுவருஷமும் வந்தது. (எதையுமே மறக்கமுடியாமல் அவதிப்பட்ட ஒருவரைப் பற்றி அதற்கு முன்பே 1968இல் எழுதியவரும் இதே லூரியாதான்.)

ஸஸேட்ஸ்கிக்கு வலதுபக்கப் பார்வை போய்விட்டது. தன் வலது கால் எங்கே இருக்கிறது என்று சில நேரம் தேடவேண்டியிருந்தது. எழுத்துகளை மறந்துபோய் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். அம்மா பெயரும் ஊர்ப் பெயரும் முதலில் வரவில்லை. சிறுவயது முதலில் திரும்பியது. அண்மைக்காலம்தான் கடைசிவரை தகராறு செய்தது. 'அப்பாவின் அண்ணன்', 'அண்ணனின் அப்பா' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவரால் பிடிக்கவே முடியவில்லை. தமிழில் முதலாவதற்குப் 'பெரியப்பா' என்று ஒரே சொல் இருக்கிறது; அந்த ஒரு சோதனையிலாவது அவர் இங்கே தப்பித்திருப்பாரோ என்று படிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள், எழுத்தெழுத்தாக யோசிக்காமல் கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுதிப் பார் என்றார்கள். கை எழுதிவிட்டது. 'ரத்தம்' என்ற சொல். மூளை மறந்ததைக் கை வைத்திருந்தது. ஆனால் எழுதியதை அவரால் படிக்கமுடியவில்லை. படிக்க ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டவேண்டும். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். அப்படிப்பட்டவர் இருபத்தைந்து வருஷத்தில் மூவாயிரம் பக்கம் எழுதினார். சில நாள் பாடுபட்டு அரைப் பக்கம். பல நாள் சில வாக்கியங்களோடு சரி. முன்மூளை சேதப்படாததால் விடாமுயற்சி இருந்தது, தனக்கு என்ன போயிற்று என்கிற அறிவும் இருந்தது என்கிறார் லூரியா. எழுதுவதை 'நான் தொடர்ந்து போராடுவேன்' என்ற பொருளில் பெயரிட்டார். 1993இல் இறந்தார்.

லூரியாவின் பக்கங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அவர் ஸஸேட்ஸ்கியின் ஓட்டைகளை நிரப்பவில்லை. ஒரே விஷயத்தைப் பலமுறை திரும்பத்திரும்ப, கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறார் அந்தச் சிப்பாய். லூரியா அவற்றுக்கு நடுவே விளக்கம் சொல்கிறார். ஆனால் அவருக்குப் பதிலாக நினைவுகூரவில்லை. சோவியத் யூனியனில், பெரும்போர் வெற்றி பற்றிய ஒரே கதையாடல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இதைச் செய்தார் என்பதையும் கவனிக்கவேண்டும்.

செம்பாக்கத்து நண்பருக்கு ஸஸேட்ஸ்கியை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அது துளைத்த குண்டு, இது வெடிப்பில் குலுங்கிய மூளை. துளைத்த காயத்தில் இழப்பு ஒரு மூலையோடு நிற்கலாம். நினைவு தப்பாமலேகூடப் போகலாம். குலுங்கிய மூளையில் நாட்களே காணாமல் போகின்றன. ஸஸேட்ஸ்கி இழந்தது உலகத்தை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் திறனை. இவர் இழந்தது 1987 அக்டோபரின் சில வாரங்களை.

4

இரண்டாவது நாடா. மூன்று வாரம் கழித்து.

"அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல சார், கத்துறாங்க, நாங்க நிக்கிறோம்."

'இருக்கலாம்' காணாமல் போயிருக்கிறது. 'நிக்கிறேனா படுத்திருக்கேனா' என்பது 'நிக்கிறோம்' ஆகிவிட்டது. தன்மை ஒருமை பன்மையாகியிருக்கிறது. ஒரு படையே வந்து நிற்கிறது. எனக்கு அன்றைக்கு இது ஒன்றும் படவில்லை. சொல்லப்போனால் கை நடுங்கியது. யாழ்ப்பாணம் பொது மருத்துவமனை என்று மனதுக்குள் ஓடியது. 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, அங்கே நுழைந்த அமைதிப்படை நோயாளிகள், தாதிகள், மருத்துவர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உள்ளேயிருந்து புலிகள் சுட்டதால் நடந்த மோதல் என்பது படைத்தரப்பின் வாதம். இதோ என் எதிரில் அந்த வராந்தாவில் நின்றவர்! வீட்டுக்கு வந்து இரவோடிரவாக எழுதினேன்.

'ஆஸ்பத்திரி' என்ற சொல்லை அவருக்குக் கொடுத்தது நான் என்பது நாடாவிலேயே இருக்கிறது. 1974இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், பாமர் என்பவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். கார்கள் மோதும் படத்தைக் காட்டி, ஒரு சாராரிடம் கார்கள் 'முட்டியபோது' என்ன வேகம் என்றும், இன்னொரு சாராரிடம் 'நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. முதல் வகைக் கேள்வி கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும், இரண்டாம் வகையில் 50க்கு 16 பேரும் பார்த்தேன் என்றார்கள். ஒரே ஒரு வினைச்சொல் செய்த வேலை அது. அவர்களெல்லாம் மூளையில் அடிபடாத மாணவர்கள்.

அதற்கும் முன்னால், கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் செய்து 1932இல் நூலாக எழுதியது நமக்கு இன்னும் நெருக்கமானது. வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாட்கள் கழித்து, மாதங்கள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். பேய்களின் யுத்தம் என்பது கதை. ஒரு இளைஞன் அறிமுகமில்லாதவர்களோடு படகில் போருக்குப் போகிறான். உனக்கு அடிபட்டுவிட்டது என்கிறார்கள். அவனுக்கு வலியே தெரியவில்லை. இவர்கள் பேய்கள் என்று நினைத்துக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் நடந்ததைச் சொல்கிறான். பொழுது விடியும்போது செத்துப்போகிறான். ஆங்கிலேய வாசகர்கள் திரும்பச் சொன்னபோது புரியாத இடங்களெல்லாம் உதிர்ந்துவிட்டன. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பு ஆனது. பேய்கள் பலரிடம் காணாமலே போய்விட்டன. தங்களுக்குப் பழக்கமான கதையின் அச்சில் அவர்கள் இதை வார்த்துக்கொண்டார்கள். பார்ட்லெட்டின் முடிவு, நினைவுகூர்தல் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது. செம்பாக்கத்தில் எனக்குப் பழக்கமான கதையின் அச்சு தயாராக இருந்தது. அவருடைய பேய்களை நான் எடுத்துவிட்டேன்.

என் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவரிடம் படித்துக்காட்டப் போனேன். அதையாவது செய்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் தூங்கக் காரணம், ராத்திரி தூங்குவதில்லை. அவருடைய அம்மாதான் இருந்தார்.

"நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து இப்பிடித்தான் தம்பி. நான் ஆஸ்பத்திரியில பூந்து ஆளுங்களக் கொன்னுட்டேன்மா, நோயாளியக் கொன்னுட்டேன்மாங்கிறான். சோறு எறங்கல அவனுக்கு."

டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வெடிப்பில் தலைக்காயம், பலாலியிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்டார் என்று இருந்தது. தேதி அக்டோபர் 17. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால்.

நான் எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். வராந்தா, தூண்கள், தமிழில் கத்தும் குரல். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வராந்தாவுலதான் தம்பி போட்டிருந்தாங்க, இங்க கொண்டாந்து சேத்த எடத்துல. உள்ள கட்டிலு இல்ல. ராத்திரி பூரா கத்திக்கிட்டே கெடந்தது இவன்தான். இல்லாத பாவத்த எம் புள்ளைக்கு ஏன் குடுத்த?"

அந்தக் குரல் அவருடையதேதான் என்று நான் நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அம்மாவின் நினைவும் நினைவுதானே. 17ஆம் தேதிக்கு முன்னால், வேறொரு கட்டடத்தில், வேறொரு தூணுக்குப் பக்கத்தில் எதுவும் நடந்திருக்காது என்றும் யாரும் சொல்லமுடியாது. சண்டை தொடங்கிய முதல் வாரத்தில் அவர் அங்கேதான் இருந்தார். காகிதம் ஒரு குற்றத்திலிருந்து மட்டும்தான் அவரை விடுவிக்கிறது. மீதி நாட்களைப் பற்றி அது பேசவில்லை, அவராலும் பேசமுடியவில்லை.

5

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப படைக்காரங்க எல்லாரும் ஞாபகமில்லன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உலகெங்கும் விசாரணைக் கமிஷன்களின் முன்னால் மூளையில் ஒரு கீறலும் இல்லாத அதிகாரிகள் 'நினைவில்லை' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அது அரசு தயாரிக்கும் மறதி. கோப்புகளால் ஆனது, கோப்புகளைக் கேட்டுத்தான் அதை உடைக்கவேண்டும். இருபத்தொரு வயதுச் சிப்பாயின் நொறுங்கிய மூளையை உலுக்கி அதை உடைக்கமுடியாது.

எங்களுக்கு அவருடைய வாக்குமூலம் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் இப்போது எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நடந்ததற்குச் சாட்சிகள் இருந்தார்கள். பிணங்களுக்கு நடுவே பிணம்போல் இரவு முழுக்க அசையாமல் கிடந்து பிழைத்தவர்கள் சொன்னது 1990இலேயே 'முறிந்த பனை' நூலில் பதிவாகிவிட்டது. மறுநாள் காலை, நாங்கள் மருத்துவர்கள், தாதிகள் என்று கையை உயர்த்திக்கொண்டு வந்த மருத்துவர் சுடப்பட்டதையும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பல குரல்கள், ஒன்றையொன்று சரிபார்க்கக்கூடியவை. அந்நூலை எழுதிய நால்வரில் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்வளவு விலை கொடுத்துச் சேர்த்த சாட்சியம் கையில் இருக்கும்போதே, அது போதாது, அடித்தவன் ஒப்புக்கொண்டால்தான் உண்மை என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். காவல் நிலையத்தின் தர்க்கம் இது. அப்போது நடைமுறையில் இருந்த தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல்துறை உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்துத் தாம்பரம் ரயில் நிலையத்தில் துண்டறிக்கை கொடுத்துவிட்டு, நேரே செம்பாக்கம் போய் டேப்ரெக்கார்டரை அழுத்தியவன் நான்.

அவர் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். நினைவு தனி மனிதனின் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை, குடும்பம், ஊர், மதம் என்ற சட்டகங்கள் அதைத் தாங்கிப்பிடிக்கின்றன என்று 1925இல் எழுதினார் பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ். (அவர் 1945இல் புக்கன்வால்டு வதைமுகாமில் இறந்தார்.) இந்தச் சிப்பாய்க்கு எந்தச் சட்டகம் இருந்தது? 1990இல் திரும்பிவந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கமாட்டேன் என்றார். அரசியலாக அதை அன்று நான் ஆதரித்தேன், இன்றும் தவறென்று சொல்லமாட்டேன். டெல்லிக்கு அது வெற்றியும் இல்லை, தோல்வி என்று ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. இறந்த ஆயிரத்து இருநூறு பேருக்கு நெருக்கமானவர்களின் பெயர்கள் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில்தான் மற்ற போர்களில் இறந்தவர்களோடு சேர்ந்து இடம்பெற்றன. 1987 நவம்பரில் இறந்த மேஜர் பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. சென்னை ஆர்க்காடு சாலையில் அவர் பெயரில் படையினர் குடியிருப்பு இருக்கிறது. இறந்த வீரரின் பெயரைக் கல்லில் வெட்டுவது சுலபம். காயம்பட்டு உயிரோடு இருப்பவர், அதுவும் என்ன நடந்தது என்று உறுதியாகச் சொல்லமுடியாதவர், எந்தக் கல்வெட்டுக்கும் உதவமாட்டார். தமிழர்கள் மத்தியில் அவர் துரோகி, படைக்கு அவர் ஒரு பென்ஷன் கோப்பு. தெருவில் அவரிடம் யாரும் யாழ்ப்பாணம் பற்றிக் கேட்டதில்லை. முதன்முதலில் கேட்டவன் நான்தான். கேட்டவன் கையிலேயே ஒரு கதையும் தயாராக இருந்ததால், ஐந்து வருஷமாகப் பிடிக்க எதுவும் இல்லாமல் இருந்தவர் அதைப் பிடித்துக்கொண்டார். கொலைகாரன் என்ற கதையாக இருந்தாலும் அது ஒரு முழுக்கதை அல்லவா?

வால்ட்டர் பெஞ்சமின் 1936இல் கதைசொல்லி பற்றி எழுதியபோது, முதல் உலகப்போரிலிருந்து திரும்பியவர்கள் சொல்ல எதுவுமின்றி ஊமையாக வந்தார்கள் என்றார். நாங்கள் அந்த வரியை அடிக்கடி மேற்கோள் காட்டுவோம். ஊமையாக வந்தவரின் வாயில் வார்த்தையைத் திணிக்கும் ஆசை மேற்கோள் காட்டுபவருக்கு வரும் என்பதை யோசித்ததில்லை.

சாட்சியம் சேகரிக்கப் போகும் இளைய நண்பர்கள் நடைமுறையாக என்ன செய்வது என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தவரை, முதல் சந்திப்பில் பெயர்ச்சொல் எதையும் நாம் கொடுக்கக்கூடாது, 'அப்புறம்?' என்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். 'வராந்தாவா' என்று நான் கேட்டதே தப்பு. 'இருக்கலாம்', 'தெரியல' இரண்டையும் எழுத்தில் பெயர்க்கும்போது வெட்டிவிடக்கூடாது. தலைக்காயம்பட்டவர் பேச்சில் அவைதான் சோதித்துப் பார்த்துச் சொன்ன வார்த்தைகள். மருத்துவக் காகிதத்தைக் கடைசியில் பார்க்காமல் முதலில் பார்க்கவேண்டும். நாம் போன பிறகு அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்கவேண்டும்.

6

மறுவாரம் போய் இரண்டு நாடாக்களையும் அவருக்குப் போட்டுக்காட்டினேன். என் குரல் 'ஆஸ்பத்திரியா அது?' என்று கேட்கும் இடத்தில் நிறுத்தி, இது நான் சொன்னது, நீங்கள் சொல்லவில்லை என்றேன். காகிதத்தின் தேதியைக் காட்டினேன். தலையாட்டினார். ஆனாலும் ஒருமுறை கட்டப்பட்டுவிட்ட காட்சி, தப்பு என்று தெரிந்ததும் கலைந்துவிடுவதில்லை. ஒன்றிரண்டு வருஷம் அந்த வராந்தா கனவில் வந்துகொண்டிருந்தது என்று பிறகு சொன்னார். "பொய்யின்னு தெரியுது சார். ஆனா தெரியுது." இரண்டாவது 'தெரியுது' கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னது.

இப்போது அவருக்கு அறுபது வயதாகிறது. செம்பாக்கம் இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள். காலையில் ஏரிப்பக்கம் நடக்கப் போகிறார். சொற்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன; சாவியைச் சாவி என்கிறார். 1987 அக்டோபர் திரும்பவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, எழுதுங்க, பேர் வேணாம், எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க என்றார். போன மாதம் படித்துக்காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"திண்ணை இல்ல சார். பின்னாடி மாட்டுக் கொட்டகையில உக்காந்துதான் பேசுனோம். தெருவுல யாரும் பாத்துடக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

எனக்குத் திண்ணை நன்றாக நினைவிருக்கிறது. சிமெண்டு பூசிய தரை, ஓரத்தில் துளசிச் செடி. ஆனால் 1992இல் தெருவைப் பார்த்த திண்ணையில் டேப்ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்போமா என்று யோசித்தால் அவர் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. அவருடைய அம்மா இப்போது இல்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நாடாக்களை மறுபடி போட்டுக் கேட்டேன். விமானம் கேட்கிறது, மாட்டுச் சத்தம் எதுவும் இல்லை. முதல் பத்தியில் திண்ணை என்று எழுதியதை மாற்றாமல் விட்டிருக்கிறேன். அவர் சொன்னதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.